ஊழியம் என்றால் மேடையில் மட்டுமா? அன்றாட வேலையும் தேவ மகிமையும்

[திரையில்: விடிகாலை. கதவைப் பூட்டிவிட்டு வேலைக்குக் கிளம்பும் ஒருவர்]

சபையில் சாட்சி சொல்ல எழுந்திருப்பவர்கள் இப்படி ஆரம்பிப்பதைக் கேட்டிருப்பீர்கள்: "நான் ஊழியக்காரன் இல்லை, சாதாரணமாக ஒரு வேலை பார்க்கிறேன், அவ்வளவுதான்." நானும் பல வருஷம் இதையே சொல்லிக்கொண்டிருந்தேன். போதகர் செய்வது ஊழியம், மிஷனரி செய்வது ஊழியம், நான் செய்வது பிழைப்பு. ஞாயிற்றுக்கிழமை தேவனுக்கு, மற்ற ஆறு நாளும் சம்பளத்துக்கு.

இந்தப் பிரிவினை வேதத்தில் இருக்கிறதா என்று ஒருநாள் தேட ஆரம்பித்தேன். அப்படிக் கிடைத்ததைத்தான் இந்த வீடியோவில் சொல்லப் போகிறேன்.

[திரையில்: ஆதியாகமம் 2:15]

மனுஷனை ஏதேன் தோட்டத்தில் தேவன் எதற்காக வைத்தார்? "அதைப் பண்படுத்தவும் காக்கவும்." கவனியுங்கள், இது 2-ஆம் அதிகாரம். பாவம் நுழைவது 3-ஆம் அதிகாரத்தில்தான். வேலையில் வியர்வையும் முள்ளும் சேர்ந்தது அதற்குப் பிறகு. வேலை அதற்கு முன்பே இருந்தது.

'பண்படுத்த' என்று நாம் வாசிக்கும் இடத்தில் எபிரெயத்தில் உள்ள சொல் 'அவாத்'. யாத்திராகமத்தில் இந்தச் சொல்லின் பயணத்தைப் பார்த்து நான் அசந்துபோனேன். 1-ஆம் அதிகாரத்தில் இஸ்ரவேலர் பார்வோனுக்காகச் சாந்து குழைத்து, செங்கல் செய்கிறார்கள். அந்தக் கொடுமையான வேலையைச் சொல்வதும் இதே வேர்ச்சொல்தான். 7-ஆம் அதிகாரத்தில் கர்த்தர் மோசேயின் மூலம், தமக்கு 'ஆராதனை செய்ய' தம் ஜனங்களை அனுப்பிவிடும்படி பார்வோனுக்குச் சொல்லுகிறார். அந்த ஆராதனைக்கும் இதே சொல்!

நிலத்தைக் கொத்துவது, எஜமானுக்கு உழைப்பது, தேவனைத் தொழுவது, மூன்றுக்கும் ஒரே சொல். அப்படியானால் எபிரெயன் கேட்கிற கேள்வி "நீ செய்வது வேலையா, ஆராதனையா?" என்பதல்ல. "யாருக்குச் செய்கிறாய்?" என்பதே. இன்னொன்றும் உண்டு. ஏதேனில் சேர்ந்து வந்த அதே ஜோடிச் சொற்கள், பண்படுத்துவதும் காப்பதும், எண்ணாகமம் 3-ஆம் அதிகாரத்தில், தேவ பணிக்கென்று பிரிக்கப்பட்ட லேவியர் ஆசரிப்புக் கூடாரத்தில், அதாவது இஸ்ரவேலரின் ஆராதனைக் கூடாரத்தில், செய்யும் பணிவிடைக்கு மறுபடியும் வருகின்றன. தோட்டக்காரனுக்கும் லேவியனுக்கும் வேதம் ஒரே வினைச்சொற்களைக் கொடுத்திருக்கிறது.

தமிழிலும் இது இருந்தது. அரசு ஊழியர், வங்கி ஊழியர் என்று இன்றும் சொல்கிறோம். சபைக்குள் வந்த பிறகுதான் அந்தச் சொல்லைப் பிரசங்க மேடைக்கு மட்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டோம்.

[திரையில்: யாத்திராகமம் 31. உளி, சுத்தியல், மரத்துண்டு]

"தேவ ஆவியினால் நிரப்பினேன்" என்று கர்த்தர் சொன்ன பெசலெயேலை நினைவிருக்கிறதா? அவர் தீர்க்கதரிசி அல்ல. பொன்னிலும் வெண்கலத்திலும் வேலை செய்கிற, கல் பதிக்கிற, மரம் செதுக்குகிற கைவினைஞர். அதற்குச் சில அதிகாரங்களுக்கு முன்பு, ஆசாரியனான ஆரோனின் வஸ்திரங்களைத் தைக்கிறவர்களுக்கும் ஞானத்தின் ஆவியை அருளியதாகக் கர்த்தர் சொல்லுகிறார். தையல் வேலைக்கு!

சரி, அது ஆசரிப்புக் கூடாரத்துக்கான வேலை, பரிசுத்தமான வேலை, நம் வேலை அப்படியா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதற்கு அப்போஸ்தலன் பவுல் கொலோசெ சபைக்கு எழுதிய நிருபத்துக்குப் போக வேண்டும்.

[திரையில்: கொலோசெயர் 3:22–4:1]

"எதைச் செய்தாலும், அதை மனுஷர்களுக்கென்று செய்யாமல், கர்த்தருக்கென்றே மனப்பூர்வமாய்ச் செய்யுங்கள்." நாட்காட்டியில், சுவரில், எங்கும் பார்க்கிற வசனம். ஆனால் பவுல் இதை யாருக்கு எழுதினார் என்பதை அந்த நாட்காட்டிகள் சொல்வதில்லை. நம் வேதாகமத்தில் 'வேலைக்காரரே' என்று இருப்பது கிரேக்கத்தில் 'அடிமைகளே'. வேலையைத் தேர்ந்தெடுக்க முடியாதவர்கள், சம்பள உயர்வு கேட்க முடியாதவர்கள். அவர்களிடம்தான் பவுல், "நீங்கள் சேவிக்கிறது கர்த்தராகிய கிறிஸ்துவை" என்கிறார். அவர்களுடைய வேலை கோவில் வேலை அல்ல. வீடு கூட்டுவதும் தண்ணீர் சுமப்பதும் அதில் உண்டு. அதைப் பார்த்து ஒரு அப்போஸ்தலன் இப்படிச் சொன்னால், நம் வேலையை மட்டும் எப்படித் தள்ளி வைப்பது?

அங்கே ஒரு அருமையான சொற்றொடர் இருக்கிறது: "பார்வைக்கு ஊழியஞ்செய்யாமல்." எஜமான் கண்ணில் படும்போது மட்டும் வேலை செய்வது என்று அர்த்தம். என் முதல் வேலையில் நான் செய்ததும் அதுதான். மேலாளரின் காலடிச் சத்தம் கேட்டால் கை வேகமாக ஓடும், அவர் போனதும் தளர்ந்துவிடும். இன்னும் மோசமான ஒன்றும் செய்தேன். வேலை நேரத்தில் வேதம் வாசித்துக்கொண்டிருந்தேன். அது ஆவிக்குரிய காரியம் என்ற நினைப்பு. முடிக்காமல் விட்ட கணக்கைப் பக்கத்து மேசையில் இருந்தவர் இருட்டும்வரை உட்கார்ந்து முடித்தார். நான் தேவனுக்குக் கொடுத்ததாக நினைத்த அந்த நேரம் அவரிடமிருந்து எடுத்தது. அதை உணர்ந்தபோது மிகவும் வெட்கப்பட்டேன்.

இங்கே ஒரு எச்சரிக்கையும் வேண்டும். இந்த வசனத்தைச் சில முதலாளிகள் சாட்டையாகப் பயன்படுத்துகிறார்கள். "கர்த்தருக்கென்று செய், கூலியைப் பற்றிப் பேசாதே" என்கிறார்கள். அவர்கள் அடுத்த அதிகாரத்தின் முதல் வசனத்தையும் வாசிக்கட்டும். எஜமான்களுக்கும் பரலோகத்தில் ஒரு எஜமான் இருக்கிறார், ஆகவே வேலைக்காரருக்கு நீதியும் செவ்வையுமானதைச் செய்யுங்கள் என்கிறார் பவுல். யாக்கோபு தன் நிருபத்தில் இன்னும் கடுமையாகப் பேசுகிறார். பிடித்துவைக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது, அந்தச் சத்தம் சேனைகளுடைய கர்த்தரின் செவிக்கு எட்டுகிறது என்கிறார். வேலையைத் தேவனுக்குக் கொடுப்பது என்றால் அநியாயத்துக்குத் தலையாட்டுவது என்று அர்த்தமில்லை.

[திரையில்: லூக்கா 3. யோர்தான் கரையில் கூட்டம்]

அப்புறம், எந்த வேலையாக இருந்தாலும் அதை எப்படிச் செய்வது? யோவான்ஸ்நானனிடம் வரி வசூலிக்கிற ஆயக்காரரும் போர்ச்சேவகரும் வந்து இதையே கேட்டார்கள்: "நாங்கள் என்ன செய்யவேண்டும்?" வேலையை விட்டுவிட்டு வனாந்தரத்துக்கு வாருங்கள் என்று அவர் சொல்லவில்லை. கட்டளையிட்டதற்கு அதிகமாக வாங்காதே என்றார். பொய்யாய்க் குற்றஞ்சாட்டாதே, சம்பளம் போதுமென்று இரு என்றார். மனந்திரும்புதலின் கனியை அவர் தேடியது ஒருவனுடைய கணக்குப் புத்தகத்தில். நீதிமொழிகள் "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது" என்று சொல்வதும் இதே திசையில்தான்.

பவுலும் வெறும் வாயால் இதைச் சொன்னவர் அல்ல. கொரிந்துவில் ஆக்கில்லா, பிரிஸ்கில்லாளோடு கூடாரம் செய்தார். எபேசு மூப்பர்களிடம் விடைபெறும்போது, தன் தேவைகளுக்கும் தன்னோடு இருந்தவர்களுக்கும் "இந்தக் கைகளே" வேலை செய்தன என்று சொல்ல அவருக்குத் தயக்கமில்லை.

6-ஆம் நூற்றாண்டில் பெனடிக்ட் என்ற துறவி தன் மடத்துக்கு எழுதிய ஒழுங்குகளில் எனக்கு மிகவும் பிடித்த ஒன்று உண்டு. மடத்தின் பொருள்களைக் கவனிப்பவர் அங்குள்ள எல்லாப் பாத்திரங்களையும் கருவிகளையும் பலிபீடத்துப் பரிசுத்த பாத்திரங்களைப் போலவே கருத வேண்டும் என்கிறார். அதைப் படித்த பிறகு, காலையில் கணினியைத் திறக்கும்போது ஒரு நிமிடம் நிறுத்தி, "ஆண்டவரே, இது உமக்கு" என்று சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். சில நாள் மறந்துபோகிறது. மறுநாள் மறுபடி சொல்கிறேன்.

[திரையில்: யோர்தான் நதி. தண்ணீரின் மேல் வெளிச்சம்]

கடைசியாக ஒரு காட்சி. நாசரேத்தார் இயேசுவைப் பார்த்து, "இவன் தச்சன் அல்லவா?" என்றார்கள். இளக்காரமாகத்தான். ஏறக்குறைய முப்பது வயதில் அவர் ஞானஸ்நானம் பெற்றுக் கரையேறுகிறார். வானம் திறக்கிறது. "நீர் என்னுடைய நேசகுமாரன், உம்மில் பிரியமாயிருக்கிறேன்" என்று பிதாவின் சத்தம் கேட்கிறது. அந்த வார்த்தைக்கு இன்னும் ஆழமான அர்த்தங்கள் உண்டு, தெரியும். ஆனாலும் அது வந்த நேரத்தைப் பாருங்கள். மலைப்பிரசங்கம் இன்னும் சொல்லப்படவில்லை. சீஷர்கள் இன்னும் அழைக்கப்படவில்லை. முதலாம் அற்புதம் என்று யோவான் சுவிசேஷம் குறிப்பிடும் கானா ஊர்க் கல்யாணம் அதற்குப் பிறகுதான். அன்று யோர்தானில் நின்றவரின் கைகள் அதுவரை மரவேலை செய்த கைகள்.