எல்லாரும் ஹைன்ரிஷ்

நண்பர்களே, ஜெர்மன் பிரபு குலங்களின் வம்சாவளியைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். எல்லாக் குலத்தையும் தொட்டால் பொழுது விடிந்துவிடும். ஒரே ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்கிறேன்: ராய்ஸ் குலம். துரிங்கியாவில் கிரைட்ஸ், கேரா என்ற ஊர்களிலிருந்து இரண்டு குட்டி நாடுகளை ஆண்டவர்கள்.

இந்தக் குலத்தில் பிறக்கும் ஆண் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் ஒரே பெயர்தான், ஹைன்ரிஷ். பேரரசர் ஆறாம் ஹைன்ரிஷின் நினைவாக வந்த வழக்கம் என்பார்கள். அடையாளத்துக்கு எண் போட்டார்கள். அதிலும் கிளைக்கொரு கணக்கு. கிரைட்ஸிலிருந்த மூத்த கிளைக்கு நூறு வரை எண்ணிவிட்டு மறுபடி ஒன்று என்பது விதி. கேராவின் இளைய கிளை, நூற்றாண்டு மாறியதும் ஒன்றிலிருந்து தொடங்கிவிடும்.

பிரான்சில் 14ஆம் லூயிக்குப் பிறகு 15ஆம் லூயி வருவார். கேராவிலோ 62ஆம் ஹைன்ரிஷ் 1854இல் இறந்ததும் அவர் தம்பி 67ஆம் ஹைன்ரிஷ் வந்தார். 1867இல் அவருக்குப் பின் வந்த மகன் யார் தெரியுமா? 14ஆம் ஹைன்ரிஷ்! அப்பா 1789இல் பிறந்தவர், மகன் 1832இல் பிறந்தவர். நடுவில் நூற்றாண்டு மாறிவிட்டது, அவ்வளவுதான். எண் பிறந்த வரிசைக்கு, அரியணைக்கு அல்ல. தொட்டிலிலேயே இறந்த குழந்தைக்கும் ஓர் எண் உண்டு.

சரி, இவ்வளவு கவனமாக ஏன் எழுதி வைத்தார்கள்? பெருமைக்காக மட்டும் என்று நினைக்காதீர்கள். வம்சாவளி அவர்களுக்குச் சொத்துப் பத்திரம் மாதிரி. கிரைட்ஸைப் பாருங்கள். 1902இல் 22ஆம் ஹைன்ரிஷ் இறந்தார். ஒரே மகன் 24ஆம் ஹைன்ரிஷ் ஆளும் நிலையில் இல்லை; கேராக்காரர்கள்தான் அவர் பெயரால் நாட்டைக் கவனித்தார்கள். அவருக்கு ஐந்து சகோதரிகள். ஆனால் பெண் வழிக்கு உரிமை கிடையாது. 1927இல் அவர் வாரிசின்றி இறந்தார், மூத்த கிளை முடிந்தது. அந்தச் சகோதரிகளில் ஒருவரான ஹெர்மீனேதான், முடியிழந்து ஹாலந்தில் இருந்த ஜெர்மன் பேரரசர் (கைசர்) இரண்டாம் வில்ஹெல்மை 1922இல் மணந்தவர்.

திருமணத்திலும் கணக்குதான். ஆளும் குலங்களில் சம அந்தஸ்தில்லாத இடத்தில் பெண் எடுத்தால் பிள்ளைக்கு வாரிசுரிமை போய்விடும். சில கிறிஸ்தவ மடங்களில் சேரவே, பதினாறு எள்ளுத் தாத்தா பாட்டிகளும் பிரபு வம்சம் என்று காட்ட வேண்டியிருந்தது. யார் எந்தக் குலம் என்று பார்க்க, 1763 முதல் 1944 வரை கோத்தா நகரிலிருந்து ஒரு பஞ்சாங்கமே வந்துகொண்டிருந்தது.

1918இல் ஜெர்மனியில் முடியாட்சிகள் போயின. மறு ஆண்டு வந்த குடியரசின் வைமார் அரசியல் சட்டம் பிரபு என்ற சலுகையை ஒழித்தது. பட்டத்தைப் பெயரின் பகுதியாக மட்டும் விட்டுவைத்தது. ஆஸ்திரியா அதையும் பறித்துவிட்டது. அதனால் ஜெர்மனியில் 'இளவரசர்' என்பது இன்று வெறும் குடும்பப் பெயர். தத்துப் போனால்கூடக் கிடைக்கும். ஆனால் அப்படிக் கிடைத்த பெயரைப் பிரபுக் குடும்பங்கள் தங்கள் வம்சாவளி நூல்களில் லேசில் சேர்ப்பதில்லை. அங்கே இன்னும் பழைய கணக்குதான்.