வேலையை விட்டேன், லொறிக் காசைத் திருப்பிக் கேட்டார்கள்

வணக்கம், எல்லாரும் சுகம்தானே? திருகோணமலை டச்பே கடற்கரையில் இருந்து பேசுகிறேன், காற்று மைக்கில் அடிக்கும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். போன வீடியோவில் கொழும்பு வேலையை விட்டுத் திருகோணமலைக்கே வந்துவிட்டேன் என்று மட்டும் சொன்னேன், அதற்குக் கீழே பாதிப் பேர் “கொம்பனிக்காரர் தந்த காசைத் திருப்பிக் கேட்டார்களா?” என்றுதான் கேட்டிருந்தீர்கள். கேட்டார்கள். முழுசாகக் கேட்டார்கள்.

வேலையில் சேரும்போது இடமாற்றக் கொடுப்பனவு என்று 240,000 ரூபாய் தந்தார்கள். லொறிக்கு 55,000, முதல் இரண்டு கிழமை தங்கிய ஹோட்டலுக்கு 65,000, இந்த இரண்டையும் அவர்களே நேரடியாகக் கட்டினார்கள். மிச்சம் 120,000 சம்பளத்தோடு சேர்ந்து வந்தது. நான் ஏதோ மாமா வீட்டுக் கைவிசேஷம் மாதிரி வாங்கிப் போட்டேன். நியமனக் கடிதத்தின் நாலாவது பக்கத்தில் 12 மாதத்துக்குள் தானாக விலகினால் முழுத் தொகையையும் திருப்பித் தரவேண்டும் என்று ஒரு வரி இருந்தது, அதற்குக் கீழே என் கையெழுத்தும் இருந்தது. வாசித்தேனா? வாசித்தேன், ஆனால் ஒரு வருஷம் இருக்கமாட்டேன் என்று அப்போது யார் நினைத்தது.

வேலை நேரம் எட்டரைக்குத் தொடங்கும் என்றார்கள். மூன்றாவது மாதம் சிட்னி வாடிக்கையாளர் ஒருவரை என் தலையில் கட்டினார்கள். அங்கே காலை ஒன்பது என்றால், அவர்களுடைய கோடைகாலத்தில் நமக்கு விடியப்புறம் மூன்றரை. ஏழு மாதம் முடிந்ததும் ராஜினாமாக் கடிதம் கொடுத்தேன், அதே கிழமை 240,000 ரூபாயைக் கட்டச் சொல்லிப் பதில் வந்தது.

என் கையில் அந்தக் காசு எங்கே இருக்கிறது? வெள்ளவத்தையில் எடுத்த அனெக்ஸுக்கு அட்வான்ஸாகப் போய்விட்டது, வருஷம் முடிய முன் போனால் இரண்டு மாத வாடகையைப் பிடிப்பேன் என்று வீட்டுக்கார அம்மா வேறு நிற்கிறார்.

முதலில் பயந்துபோய்க் கடன் வாங்கக்கூடப் பார்த்தேன். அப்புறம் ஒரு இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 12 மாதத்துக்கு 240,000 என்றால் மாதத்துக்கு 20,000. ஏழு மாதம் அவர்களுக்கு உழைத்துக் கொடுத்தாயிற்று, மிச்சம் ஐந்து மாதம், அது 100,000. கடிதத்தில் முழுத் தொகை என்றுதான் இருந்தது, அது உண்மை, அதனால் இதை உரிமையாகக் கேட்க முடியாது, தயவாகத்தான் கேட்கலாம். கேட்டேன். ஒரே ஒரு மின்னஞ்சல், கோபம் இல்லாமல், வேலை நேரம் மாறின கதையையும் தேதியோடு எழுதி.

வரி விஷயம் இன்னும் மோசம். என் சம்பளம் 160,000. மாதம் 150,000 வரைதான் வரி இல்லை, அதனால் அந்த 120,000-இலும் ஆறு வீதம் வெட்டித்தான் தந்தார்கள், கைக்கு வந்தது 112,800. திருப்பிக் கேட்டது மட்டும் முழு 120,000. என் கைக்கு வராத 7,200-ஐ நான் எதற்குத் தர வேண்டும்? அதையும் எழுதினேன். அதற்கு மட்டும் இன்றுவரை பதிலே இல்லை!

கூட வேலை செய்த அண்ணா ஒருவர் “உன்ர ஈபிஎஃப்பில் வெட்டிப்போடுவாங்கள்” என்று பயமுறுத்தினார். அப்படி வெட்ட முடியாது. ஈபிஎஃப் என்பது ஊழியர் சேமலாப நிதி, சம்பளத்தில் நம் 8 வீதமும் அவர்களுடைய 12 வீதமும் மத்திய வங்கியிடம் போய்ச் சேர்ந்த காசு, கொம்பனிக்காரர் அதில் கை வைக்க வழியில்லை. கவனிக்க வேண்டியது கடைசிச் சம்பளம். அதில் கழித்துக்கொள்ள ஒப்புக்கொள்கிறேன் என்று ஒரு பேப்பர் நீட்டினார்கள், நான் கையெழுத்துப் போடவில்லை, தவணையில் கட்டுகிறேன் என்றேன்.

இரண்டு கிழமை இழுத்தார்கள். கடைசியில் 100,000-க்கு இறங்கி வந்தார்கள், மாதம் 20,000 வீதம் ஐந்து தவணை. போனில் சொன்னதை நம்பாமல் எழுத்தில் வாங்கினேன். லொறிக் காசைத் தந்ததற்கு அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், விடியப்புறம் மூன்றரைக்கு எழுப்பினதற்குத்தான் சொல்வேன்.

இன்றைக்குக் காலையில் மூன்றாவது தவணையைக் கட்டிவிட்டுத்தான் இங்கே வந்தேன், ரசீது இந்தப் பைக்குள்ளே... ஐயோ பொறுங்கள், இங்கே சுற்றித் திரிகிற இந்த மான் பைக்குள் தலையை விடுகிறது. ஏய், அது ரொட்டி இல்லை, விடு!