அலைக்கு அப்பால் நின்ற கப்பல்கள்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

தரங்கம்பாடியைப் பற்றிப் பேச வாருங்கள் என்று நிலையத்தார் அழைத்தபோது, டென்மார்க் நாட்டவரான டேனியர்களின் கோட்டையைப் பற்றித்தான் கேட்கிறார்கள் என்று நினைத்தேன். இல்லை, துறைமுகத்தைப் பற்றிப் பேசுங்கள் என்றார்கள். எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. ஏனென்றால் அந்தக் காலத் தரங்கம்பாடியில், கப்பல் வந்து அணையும் துறைமுகம் என்று ஒன்று கிடையாது. ஆனாலும் அந்த ஊர் பல நூறு ஆண்டுகள் துறைமுகப் பட்டினமாக வாழ்ந்தது.

வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். அந்தக் கரை நூல் பிடித்தாற்போல நேராக ஓடுகிறது. காற்றுக்கு ஒதுங்க வளைகுடா இல்லை, மறைப்புக்கு ஒரு தீவு இல்லை. பெரிய கப்பல் கரையை நெருங்கினால் மணலில் தட்டிவிடும். ஆகவே வந்த கப்பலெல்லாம் அலைக்கு அப்பால், ஆழமான இடத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். அங்கிருந்து கரை வரைக்கும் உள்ள அந்தக் கொஞ்ச தூரம்தான் பயணத்திலேயே மிக மோசமான தூரம்.

அதைக் கடக்க நம் கரையில் ஒரு படகு இருந்தது. சலங்கு என்பார்கள், மசூலா என்றும் சொல்வதுண்டு. பலகைகளை ஆணி அடித்து இணைக்காமல், தென்னங்கயிற்றால் தைத்துச் செய்த படகு. ஆணி அடித்த படகு மடங்கி விழும் அலையில் சிக்கித் தரையில் மோதினால் பிளந்துபோகும். தைத்த படகோ வளைந்து கொடுத்து மீண்டும் நிமிர்ந்துகொள்ளும். துடுப்புப் போடுபவர்கள் அலையைப் பார்த்துக் காத்திருந்து, ஒன்று தணிந்து அடுத்தது எழுவதற்கு இடைப்பட்ட நேரத்தில், ஒரே குரலில் பாடி, ஒரே மூச்சில் வலிப்பார்கள். உள்ளே வந்த வெள்ளிக் காசு, வெளியே போன துணிப்பொதி, ஆளுநர், பாதிரியார், சிப்பாய் எல்லாம் இந்தப் படகில்தான் கரைக்கும் கப்பலுக்கும் போய்வந்தன. கோட்டையில் இருந்தவர்களின் பெயர்கள் ஏடுகளில் இருக்கின்றன. துடுப்புப் போட்டவர்களின் பெயர்களை எழுதிவைக்க யாருக்கும் தோன்றவில்லை. இந்த ஊரின் வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் என் மனத்தை உறுத்தும் குறை இது.

டேனியர்கள் வருவதற்கு முன்பே இங்கு ஒரு பட்டினம் இருந்தது. கடலோரத்தில் மாசிலாமணிநாதர் கோயில் இருக்கிறதே, அதில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது. ஊரின் பெயரைச் சடங்கன்பாடி என்றும் குலசேகரன்பட்டினம் என்றும் அது சொல்கிறது. அலைகள் பாடுவதால் தரங்கம்பாடி என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். அழகான விளக்கம்தான். ஆனால் கல்லில் இருப்பது சடங்கன்பாடி. அந்தக் கோயிலின் முன்பகுதியைக் கடல் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது.

1620ஆம் ஆண்டு. டென்மார்க் மன்னர் நான்காம் கிறிஸ்டியனின் கப்பல்கள் முதலில் போனது இலங்கைக்கு. அங்கே எண்ணியது கைகூடவில்லை. முன்கூட்டி வந்த ரோலண்ட் கிராப்பே என்பவரின் கப்பலைக் காரைக்கால் பக்கத்தில் போர்ச்சுக்கீசியர் தாக்கி அழிக்க, அவர் தப்பித்துத் தஞ்சை நாயக்கர் அவைக்குப் போய்ச் சேர்ந்தார். நாகப்பட்டினத்தில் போர்ச்சுக்கீசியரின் கை ஓங்கியிருந்த காலம் அது. இன்னொரு ஐரோப்பியக் கூட்டத்தை அருகே குடிவைப்பதில் இரகுநாத நாயக்கருக்கு ஒரு கணக்கு இருந்திருக்கும். அந்த ஆண்டு நவம்பரில் டேனியக் கப்பல்களின் தலைவர் ஓவே யெட்டேயோடு உடன்பாடு கையெழுத்தானது. டேன்ஸ்பர்க் கோட்டை எழுந்தது. நாயக்கர் டென்மார்க் மன்னருக்குப் பொன் தகட்டில் எழுதி அனுப்பிய கடிதம் இன்றும் கோபன்ஹேகனில் இருக்கிறது. வாசகம் தமிழில், கையொப்பம் தெலுங்கில்.

அவர்கள் வந்தது மிளகுக்காக. ஆனால் ஊரைக் காப்பாற்றியது துணி. சோழமண்டலக் கரையின் பருத்தித் துணியை இந்தோனேசியாவின் மக்காசருக்குக் கொண்டுபோய்க் கொடுத்து, கிராம்பு வாங்கிவந்தார்கள். நம் தறியில் நெய்த துணி அங்கே பணத்தைப் போலச் செல்லுபடியானது.

இந்தக் கதையில் நான் அதிகம் வியக்கும் பகுதி இனித்தான் வருகிறது. 1639இல் டென்மார்க்கிலிருந்து ஒரு கப்பல் புறப்பட்டது. அதற்குப் பிறகு ஏறக்குறைய 30 ஆண்டுகள் அங்கிருந்து வேறு கப்பலே வரவில்லை. தாய்நாட்டில் போர், கடன். 1650இல் இந்த வணிகத்தை நடத்திய டேனியக் கிழக்கிந்தியக் கம்பெனியையே கலைத்துவிட்டார்கள். இங்கே இருந்த டேனியர்கள் ஒவ்வொருவராக இறந்தார்கள். 1655 வாக்கில் மிஞ்சியவர் ஒரே ஒருவர். எஸ்கில்ட் ஆண்டர்சன் கோங்ஸ்பாக்கே என்ற சாதாரணப் படைவீரர். அவர் கோட்டையைக் கைவிடவில்லை. தஞ்சைப் படை முற்றுகையிட்டபோதும், உள்ளூர் மக்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு தாக்குப்பிடித்தார். ஊருக்கு மதில் எழுப்பினார். 1669இல் அலைக்கு அப்பால் ஒரு டேனியக் கப்பல் வந்து நின்றது. கடலைப் பார்த்துப் பார்த்துப் பழகிப்போன அந்த மனிதருக்கு அன்று எப்படி இருந்திருக்கும்! இதை ஒரு டேனியரின் வீரமாக மட்டும் எழுதுகிறார்கள். கோட்டைக்குள் அவரோடு நின்றவர்கள் இந்த ஊர்க்காரர்கள் என்பதை நாம் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு 1706 ஜூலை 9 அன்று இங்கு வந்ததும், தமிழில் அச்சிட்டதும், பொறையாறில் காகித ஆலை வைத்ததும் நீங்கள் அறிந்தவை. அதற்குத் தனியாக ஓர் உரை வேண்டும். ஒன்றை மட்டும் சொல்கிறேன். அந்த அச்சு எந்திரமும் ஈய எழுத்துகளும்கூட இந்த அலைகளைத் தாண்டித்தான் கரையேறின.

ஊர் உண்மையில் செழித்தது பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில். ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் டச்சுக்காரரும் ஒருவர் கப்பலை ஒருவர் பிடித்துக்கொண்டிருந்தபோது, டென்மார்க் எந்தப் பக்கமும் சேரவில்லை. நடுநிலைக் கொடி பறந்த கப்பலில் சரக்கு பத்திரமாகப் போய்ச் சேரும். ஆங்கிலக் கம்பெனியின் ஊழியர்களே தாங்கள் சேர்த்த செல்வத்தை டேனியக் கப்பல்கள் வழியாக ஊருக்கு அனுப்பினார்கள். இன்று நீங்கள் ராஜ வீதிக்குள் நுழையும் அந்த வெள்ளை நுழைவாயில் 1792இல் கட்டப்பட்டது, இந்தச் செழிப்புக் காலத்தில்தான்.

அடுத்தவர் சண்டையால் வந்த செல்வம், சண்டை தன் வாசலுக்கு வந்ததும் போய்விட்டது. 1808இல் ஆங்கிலேயர் ஊரைப் பிடித்து 1815 வரை வைத்திருந்தார்கள். திரும்பக் கொடுத்தபோது வணிகம் கலைந்திருந்தது. 1845இல் தரங்கம்பாடியும் வங்காளத்துச் செராம்பூரும் சேர்த்து பன்னிரண்டரை இலட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயருக்கு விற்கப்பட்டன. புதிய ஆட்சியில் சிறிது காலம் மாவட்டத் தலைமையிடம் இங்கே இருந்தது. 1860இல் அது தஞ்சாவூருக்குப் போனது. அடுத்த ஆண்டு நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு ரயில் ஓடியது. அதோடு முடிந்தது. தண்டவாளம் எங்கே கடலைத் தொடுகிறதோ அங்கே தானே சரக்கு போகும்?

தரங்கம்பாடிக்கு ரயில் வந்தது 1926இல். காலம் கடந்து வந்த ரயில். நான் சிறுவனாக அதில் போயிருக்கிறேன். மாயவரத்தில் ஏறினால் செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், தில்லையாடி, பொறையாறு என்று நின்று நின்று போகும். பொறையாறு தாண்டியதும் காற்றில் உப்பு தெரியும். பெட்டியில் மீன்கூடைகளும் பள்ளிப் பிள்ளைகளும்தான். ஏற்றுமதிச் சரக்கை நான் கண்டதில்லை. 1986இல் அந்தப் பாதையையும் மூடிவிட்டார்கள். மீண்டும் போடச் சொல்லி மக்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். நானும் கேட்கிறேன்.

கப்பல்கள் போய்விட்டன, அலையைத் தாண்டுகிறவர்கள் போகவில்லை. கட்டுமரம் ஃபைபர் படகானது, துடுப்பு எந்திரமானது. 2004 டிசம்பர் 26 காலையில் கடல் ஊருக்குள் வந்தபோது முதலில் அடிபட்டது கோட்டைக்கு அருகே இருந்த அவர்கள் குடியிருப்புதான். அந்த நாட்களைப் பற்றி விவரிக்க எனக்கு இப்போதும் மனம் வரவில்லை. பிறகு பலருக்குக் கடலிலிருந்து தள்ளி வீடு கட்டிக் கொடுத்தார்கள். விடியுமுன் கடலுக்குப் போக வேண்டிய மனிதருக்கு அந்தத் தூரமும் ஒரு சுமைதான்.

இப்போது அலைதடுப்புச் சுவர்களோடு ஒரு மீன்பிடித் துறைமுகம் அங்கே எழுந்திருக்கிறது. வாடைக்காலத்தில் கடல் கொந்தளித்தால், முன்பெல்லாம் படகை மணலில் ஏற்றி மேடு வரைக்கும் ஆட்கள் இழுத்துப்போக வேண்டும். சென்ற மாதம் போயிருந்தபோது, சுவர்களுக்கு நடுவே அசைவில்லாத தண்ணீரில் ஒரு படகு வந்து நின்றது. அதிலிருந்து இறங்கிய பெரியவரின் வேட்டியில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

நன்றி, வணக்கம்.