ஞாயிறு போக மீதி ஆறு நாள்

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

நான் ஒரு பாதிரியார். செட்டிநாட்டில் ஒரு ஊருக்குப் புதிதாக மாற்றலாகிப் போனால், என்னிடம் முதலில் கேட்கப்படும் கேள்வி வேதத்தைப் பற்றியதாக இருக்காது. "ஏங்க, பாதிரியார் கல்யாணம் பண்ணிக்கலாமா?" என்றுதான் கேட்பார்கள். கேட்கும்போதே என் மனைவி ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுக் காய்கறிப் பையோடு வந்துகொண்டிருப்பார். பையன் மட்டையைத் தோளில் சாய்த்துக்கொண்டு வாசலில் நிற்பான்.

கேட்கிறவர்கள் மேல் குற்றமில்லை. இந்தப் பக்கத்து மக்களுக்கு ஓரியூர் தெரியும். அருளானந்தர் என்று நம் மக்கள் அழைக்கும் ஜான் டி பிரிட்டோ 1693ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் தேதி உயிரைக் கொடுத்த இடம். தேவகோட்டைப் பக்கத்திலிருந்து இன்ன மதம் என்று பார்க்காமல் அங்கே போய், அந்தச் சிவப்பு மணலை எடுத்து வருகிறவர்கள் உண்டு. அங்கே பார்த்த கத்தோலிக்கச் சாமியார்கள் துறவிகள். நாங்கள் சீர்திருத்தத் திருச்சபை, அதாவது புராட்டஸ்டண்ட். அந்தச் சீர்திருத்தத்தைத் தொடங்கிவைத்த மார்ட்டின் லூதர் 1525இல் கல்யாணம் செய்துகொண்டார். 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு, பத்து வருஷம் கழித்துக் குடும்பஸ்தர் ஆனார். ஆகவே எங்களுக்கு மனைவி உண்டு, பிள்ளைகள் உண்டு, மளிகைக் கடைப் பாக்கியும் உண்டு. சபையார் என்னை ஐயர் என்பார்கள், மனைவியை ஐயரம்மா என்பார்கள். அவர் பள்ளிக்கூட டீச்சர். அவர் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது என்பதை இந்த ஒலிவாங்கி முன்னால் சொல்லிவிடுவது எனக்கு நல்லது. அவர் கேட்டுக்கொண்டிருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை நான் என்ன செய்கிறேன் என்பது எல்லாருக்கும் தெரியும். அங்கி போட்டுக்கொண்டு பீடத்தில் நிற்கிறேன், பாமாலை பாடுகிறோம், பிரசங்கம், காணிக்கை, ஆசீர்வாதம். மீதி ஆறு நாள் என்ன வேலை என்று பலருக்குச் சந்தேகம். "ஐயருக்கென்ன, வாரத்துக்கு ஒரு நாள் டியூட்டி" என்று என் காதுபடவே சொல்லியிருக்கிறார்கள். உண்மையைச் சொன்னால், அந்த ஆறு நாளில் நான் அதிகமாகச் செய்யும் வேலை உட்காருவது. அடுத்தவர் வீட்டில் போய் உட்காருவது.

என் சபையில் எல்லா வகையும் உண்டு. காரைக்குடி மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் ஒருவர், நர்சுகள், பஸ் கண்டக்டர், ஆத்தங்குடியில் கண்ணாடிப் பலகை மேல் வண்ணக் கலவையை ஊற்றிப் பூக்கல் செய்கிற குடும்பம். பெரிய வீடுகளில் காவலுக்கு இருப்பவர்களும் உண்டு. அப்படி ஒரு அம்மா வீட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

வீடு என்றால் அவருடையது அல்ல. முகப்பு ஒரு தெருவில், கொல்லை வாசல் அடுத்த தெருவில். பர்மா தேக்குத் தூண்கள், முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுவர். முற்றத்தைச் சுற்றிய வளவில் வரிசையாக அறைகள், ஒவ்வொரு பங்காளிக்கும் ஒரு அறை, ஒவ்வொன்றிலும் ஒரு பூட்டு. சொந்தக்காரர்கள் சென்னையில், பெங்களூரில், மலேசியாவில். கல்யாணத்துக்கும், முன்னோருக்குப் படைக்கிற படைப்புக்கும் வந்து நாலு நாள் இருந்துவிட்டுப் போவார்கள். மற்ற நாளெல்லாம் இந்த அம்மா ஒருவர்தான். வளவைக் கூட்டுவார், முற்றத்தில் விழுந்த இலையை அள்ளுவார், சாயங்காலம் முகப்பு விளக்கைப் போடுவார். தானே திறக்கமுடியாத அறைகளின் பித்தளைப் பூட்டுகளைத் துணியால் துடைத்து வைப்பார். அவர் இருப்பது பின்கட்டில், அடுப்படியை ஒட்டிய ஒரு அறையில். வீட்டு ஜெபம் அங்கேதான்.

ஒரு தடவை ஜெபத்துக்கு முன்னால் வழக்கம்போல, "என்ன காரியத்துக்காக ஜெபிக்கணும்மா?" என்று கேட்டேன். மகளுக்கு வேலை நிரந்தரமாக வேண்டும், தனக்கு முழங்கால் வலி என்று சொன்னார். பிறகு தயங்கித் தயங்கி, "இந்த வீட்டு மேல பங்காளிகளுக்குள்ள கேஸ் நடக்குதுங்கய்யா" என்றார்.

"சரிம்மா, வழக்கு சீக்கிரம் முடியணும்னு ஜெபிப்போம்."

"ஐயய்யோ, வேண்டாங்கய்யா. முடிஞ்சா வீட்டை வித்துருவாக. வாங்குறவுக இடிச்சிருவாக. நான் எங்க போவேன்?"

அவர் பயத்தில் அர்த்தம் இருக்கிறது. இடித்த வீடுகளின் தூணும் நிலையும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் சாத்திவைக்கப்பட்டிருப்பதை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். அதற்காக, வழக்கு இழுக்கட்டும் என்று ஆண்டவரிடம் கேட்க முடியுமா? அந்தப் பங்காளிகளும் மனிதர்கள்தானே. "எல்லாருக்கும் நன்மையானது எதுவோ அதைச் செய்யும் ஆண்டவரே" என்று பொதுவாக முடித்தேன். அந்த அம்மாவுக்குத் திருப்தியில்லை என்று 'ஆமென்' சொன்ன குரலிலேயே தெரிந்தது. இறையியல் கல்லூரியில் இதற்கெல்லாம் பாடம் கிடையாது.

எதிர்வீட்டு ஆச்சி ஒருவர் உண்டு. எண்பதைத் தாண்டியவர், கணக்கில் கெட்டி. குடிவந்த வாரமே கேட்டார்: "தம்பி, ஒங்க கோயில்ல எத்தனை புள்ளி?" நகரத்தார், அதாவது செட்டியார்கள் வழக்கத்தில் கல்யாணமான ஒரு தம்பதி ஒரு புள்ளி, ஊர்க்கோயில் வரி புள்ளிக் கணக்கில்தான். எங்கள் சபையிலும் குடும்பக் கணக்குத்தான், மாதச் சங்கக் காணிக்கைக்கு ரசீதும் உண்டு என்றேன். "அப்ப நம்மள மாதிரித்தான்" என்றார். அதோடு எங்களுக்கு அந்தத் தெருவில் இடம் கிடைத்துவிட்டது. கிறிஸ்மஸுக்கு எங்கள் வீட்டுக் கேக் அங்கே போகும், அந்தத் தட்டு காலியாகத் திரும்பாது. கந்தரப்பமோ மனகோலமோ இருக்கும்.

ஆச்சி இன்னொன்றும் சொன்னார்: அவர்கள் கல்யாணத்துக்குக் குலக்கோயிலிலிருந்து மாலை வரவேண்டும், இளையாத்தங்குடியோ மாத்தூரோ வைரவன்பட்டியோ, எந்தக் கோயிலோ அந்தக் கோயில் மாலை. எங்களுக்கு ஓலை. மூன்று ஞாயிறு ஆராதனையில், இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை இருந்தால் சொல்லுங்கள் என்று வாசிக்க வேண்டும். பதிவேட்டில் மணமக்களும் சாட்சிகளும் கையெழுத்துப் போட வேண்டும். அதுவும் 1872ஆம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி, பொதுவாகக் காலை 6 மணியிலிருந்து மாலை 7 மணிக்குள் திருமணம் நடக்க வேண்டும். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டு வேன் மானாமதுரை தாண்டிப் பழுதாகி நின்றுவிட்டது. அன்று முழுக்க நான் பார்த்தது கடிகாரத்தைத்தான். பெண்ணின் அப்பா, "ஐயரே, ஏழு மணிக்கு மேல ஆண்டவர் ஆசீர்வதிக்க மாட்டாரா?" என்றார். ஆண்டவர் ஆசீர்வதிப்பார், பதிவாளர் விடமாட்டார் என்றேன். ஆறே காலுக்கு மாப்பிள்ளை வந்தார், வியர்வையோடு. அன்றைக்கு என் பிரசங்கம்தான் நான் செய்ததிலேயே சின்னது. எல்லாரும் பாராட்டினார்கள்.

சாவு வீடு வேறு. அங்கே போனதும் 'தேவ சித்தம்' என்று ஆரம்பிக்கிறவர்களை எனக்குப் பிடிப்பதில்லை. வேதத்தில் வருகிற, பிள்ளைகளையும் சொத்தையும் இழந்த யோபுவின் சிநேகிதர்கள் மூன்று பேர் அவரோடு ஏழு நாள் தரையில் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். அதுவரைக்கும் அவர்கள் நல்ல சிநேகிதர்கள். வாயைத் திறந்து விளக்கம் சொல்ல ஆரம்பித்த பிறகுதான் எல்லாம் கெட்டது. எங்கள் சபையில் ஒரு தாய், மோட்டார் சைக்கிள் விபத்தில் மகனைப் பறிகொடுத்தார். "ஏன் ஐயா?" என்று என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். எனக்குத் தெரியவில்லை, தெரியவில்லை என்றே சொன்னேன். இப்போதும் தெரியாது. 'கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்' என்ற சங்கீதத்தை ஆரம்பித்தபோது, அதுவரை பேசாதிருந்த அவருடைய வயதான மாமியார் மீதியை மனப்பாடமாகச் சொன்னார். நான் நிறுத்திக்கொண்டேன், அவர் சொல்லி முடித்தார். உங்கள் விசுவாசம் எப்படி நிற்கிறது என்று யாராவது கேட்டால், பாதி நாள் மற்றவர்கள் விசுவாசத்தில்தான் நிற்கிறது என்பேன். எனக்கு வார்த்தை வராத வேளையில் யாராவது ஒரு பாட்டிக்கு வருகிறது.

இப்படி ஊர் வீடுகளிலெல்லாம் உட்கார்ந்துவிட்டு வருகிறவனுக்குச் சொந்த வீட்டில் உட்கார நேரம் எங்கே? சொந்தக் குடும்பத்தை நடத்தத் தெரியாதவன் சபையை எப்படி விசாரிப்பான் என்று வேதத்தில் பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார். சபையார் இந்த வசனத்தை மட்டும் மறக்க மாட்டார்கள். என் பையன் பரீட்சையில் குறைந்தால் அது கமிட்டி வரைக்கும் வரும். தெருவில் பந்தடித்து யார் வீட்டு ஓட்டை உடைத்தாலும், "ஐயர் மகன் இப்படிச் செய்யலாமா?" மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்துதான் உடைத்திருப்பான், பெயர் இவனுக்கு. ஒரு நாள் ஏதோ புத்தி சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்டுவிட்டு, "அப்பா, எங்கிட்டயும் மைக்ல பேசுற மாதிரியே பேசுறீங்க. மூணாவது பாயிண்ட் எப்ப வரும்?" என்றான். அடுப்படியில் ஐயரம்மா சிரித்த சத்தம் வாசல் வரை கேட்டது.

அன்றிலிருந்து திங்கட்கிழமை சாயங்காலம் அவனோடு போய் வருவது என்று வைத்திருக்கிறேன். ஏதாவது ஊரணிக் கரையில் வண்டியை நிறுத்துவோம். அவன் கிரிக்கெட் பேசுவான், எனக்குப் பாதி புரியாது. போன் மட்டும் ஐயரம்மாவிடம். யாராவது கூப்பிட்டால், ஆஸ்பத்திரி என்றால் மட்டும் ஆள் அனுப்புவார், கமிட்டி விஷயம் என்றால், "ஐயர் ஒரு வீட்டு விசாரிப்புக்குப் போயிருக்காங்க" என்பார். பொய் என்று சொல்ல முடியாது.

இன்னும் சில வருஷத்தில் எனக்கு ஓய்வு. குருமனை சபையின் வீடு, சாவியை அடுத்து வருகிறவரிடம் கொடுத்துவிட வேண்டும். ஆச்சி கேட்டார்: "தம்பி, ஒங்களுக்குச் சொந்த ஊரு எது? வீடு எங்க இருக்கு?" நூறு வருஷத்து வீட்டுக்குள் இருந்துகொண்டு கேட்கிறார், பதில் சொல்லச் சங்கடமாகத்தான் இருந்தது. ஐயரம்மா சீட்டுக் கட்டிவருகிறார். காரைக்குடிப் பக்கமே ஒரு சின்ன மனை பார்க்கலாம் என்கிறார், ஒருவேளை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில். எனக்குக் கோயிலுக்குப் பக்கத்தில் வேண்டும் என்று ஆசை. "கோயிலுக்குப் பக்கத்துல போனா ரிட்டையர் ஆன மாதிரியே இருக்காது" என்று சொல்லிவிட்டார். பேச்சுவார்த்தை நடக்கிறது. தண்ணீர் நல்ல தண்ணீரா என்று விசாரித்துவிட்டுத்தான் முன்பணம் கொடுக்க வேண்டும் என்பதில் மட்டும் இருவருக்கும் ஒரே மனசு.

நன்றி, வணக்கம்.