பால் காய்ச்சிவிட்டுக் குடிபோவோம்

(சென்னையில் ஹாக்கி ஆர்வலர்கள் கூடிய ஒரு மாலைக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, மேடையில் இருக்கும் மூத்த ஆட்டக்காரர்களே, கோவில்பட்டியிலிருந்து ராத்திரி ரயிலில் வந்து இறங்கியிருக்கும் பயிற்சியாளர்களே, பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

நொடித்துப்போன ஓர் அணியை வேறு ஊருக்கு மாற்றலாமா என்று பேசச் சொன்னார்கள். மாற்றலாம். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் நம் வீடுகளில் குடிபோகிறவர்கள் என்ன செய்கிறோம்? சாமான் வண்டி வருவதற்கு முன்னாலேயே போய்ப் பால் காய்ச்சிவிடுகிறோம். குழாயில் தண்ணீர் வருகிறதா, மோட்டார் ஓடுகிறதா, வீட்டுக்காரர் எப்படிப்பட்டவர் என்று விசாரித்த பிறகுதான் லாரிக்குச் சொல்கிறோம். அணிகளை ஊர் மாற்றுகிறவர்கள் பெரும்பாலும் லாரியை முதலில் அனுப்பிவிடுகிறார்கள். அங்கேதான் எல்லாம் கெடுகிறது.

என் மூத்த மகன் அரிசோனாவில் வேலை பார்த்தான். 2023 ஜனவரியில் நான் அங்கே இருந்தபோது டெம்பி என்ற ஊருக்கு ஐஸ் ஹாக்கி பார்க்கக் கூட்டிப்போனான். வெளியே பாலைவன ஊர், உள்ளே சுவெட்டர் போட வேண்டிய குளிர். வட அமெரிக்காவின் பெரிய லீக்கான என்.எச்.எல்.லில் அப்போது ஆடிய அரிசோனா கயோட்டிஸ் அணி, ஒரு பல்கலைக்கழகத்தின் அரங்கில் ஆடிக்கொண்டிருந்தது. அதில் 5,000 இருக்கைகூடக் கிடையாது. அந்த லீக்கின் மற்ற அரங்குகள் பதினைந்தாயிரம், இருபதாயிரம் பேர் உட்காருகிறவை. நாங்கள் கண்ணாடித் தடுப்பை ஒட்டி நான்காவது வரிசையில் இருந்தோம். சறுக்குக் காலணியின் கத்தி பனிக்கட்டியைச் சீவுகிற சத்தம் அப்படியே கேட்டது. தேங்காய் துருவுகிற மாதிரி ஒரு சத்தம். ஆட்டக்காரர் திரும்பினால் பனித்தூள் கண்ணாடியில் வந்து அடிக்கும்.

பக்கத்து இருக்கையில் ஐம்பது வயது மனிதர் ஒருவர். உங்கள் நாட்டில் ஹாக்கி உண்டா என்று கேட்டார். எட்டு ஒலிம்பிக் தங்கம் வாங்கியிருக்கிறோம், தரையில் ஆடுவது என்று சொன்னேன். மரியாதையாகத் தலையசைத்தார். பிறகு தன் செல்போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். அவர் அணிக்காக டெம்பியில் கட்டப்போகிற புது அரங்கின் வரைபடம். மே மாதம் ஊர் மக்கள் ஓட்டுப் போடுவார்கள், ஜெயித்தால் எங்கள் அணி எங்களோடு இருக்கும் என்றார். அந்தப் படத்தை அவர் விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிக் காட்டியது, பெண்ணுக்குப் பார்த்த வீட்டை அப்பா காட்டுகிற மாதிரி இருந்தது.

2023 மே 16 அன்று ஓட்டெடுப்பு தோற்றது. 2024 ஏப்ரலில் 120 கோடி டாலருக்கு வியாபாரம் முடிந்து, ஆட்டக்காரர்கள், பயிற்சியாளர்கள் எல்லோரும் யூட்டா மாநிலத்தின் சால்ட் லேக் சிட்டிக்குப் போனார்கள். கடைசி ஆட்டத்தில் எட்மண்டனை 5-2 என்று ஜெயித்துவிட்டுத்தான் போனார்கள்.

இந்த அணியின் கதையைக் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்க வேண்டும். இது கனடாவின் வின்னிபெக் ஊரில் 1972-இல் பிறந்த அணி. அங்கே ரசிகர்களுக்குக் குறைவில்லை. ஆனால் ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் அமெரிக்க டாலரில், டிக்கெட் வருமானம் கனடா டாலரில். தொண்ணூறுகளில் கனடா டாலர் சரியச் சரிய, டிக்கெட் விற்றாலும் கணக்கு உதைத்தது. அரங்கும் பழையது. 1996-இல் அணியை அரிசோனாவின் ஃபீனிக்ஸுக்குக் கொண்டுபோனார்கள். பெரிய ஊர், வளர்கிற ஊர், டிவி பார்க்கிறவர்கள் அதிகம் என்று கணக்குப் போட்டார்கள். ஆனால் ஆடப்போனது கூடைப்பந்துக்காகக் கட்டிய அரங்கில். அங்கே வாடகைக்குடி. சில இருக்கைகளில் உட்கார்ந்தால் ஒரு பக்க கோல் கண்ணுக்கே தெரியாது. காசு கொடுத்து வந்தவனுக்குக் கோலைக் காட்டாத இடத்தில் எப்படி ரசிகன் வளருவான்?

அப்புறம் 2003 டிசம்பரில், ஃபீனிக்ஸை ஒட்டிய கிளென்டேலில், நகராட்சிக்குச் சொந்தமான தனி அரங்கம் வந்தது. நல்ல அரங்கம்தான். ஆனால் அது நகரத்தின் மேற்கு ஓரம். டிக்கெட் வாங்கக்கூடிய வசதி உள்ளவர்களில் பலர் கிழக்குப் பக்கம் குடியிருந்தார்கள். அண்ணா நகர்க்காரரை வேலை நாளில் சாயங்காலம் ஏழு மணிக்குக் கேளம்பாக்கம் வரச் சொன்னால் எத்தனை நாள் வருவார்? அதேதான். 2009-இல் திவால் மனு. கனடாவின் ஹாமில்டனுக்குக் கொண்டுபோகிறேன் என்று ஒரு பணக்காரர் வந்தார், நீதிமன்றம் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் லீக்கே அணியை வாங்கி நடத்தியது. கிளென்டேல் நகராட்சி வரிப்பணத்தில் ஆண்டுக்கு 2.5 கோடி டாலர் வீதம் இரண்டு சீசன் கொடுத்துத் தாங்கிப் பிடித்தது. தன் நூலகத்துக்கும் சாலைக்கும் போக வேண்டிய பணத்தை ஓர் ஊர் ஆட்டக்காரனுக்குக் கொடுத்தால், அடுத்த தேர்தலில் அந்த அணியே விரோதியாகிவிடும். 2021-இல் அந்த நகராட்சியே, போதும், இந்த சீசனோடு காலி செய்யுங்கள் என்று சொல்லிவிட்டது. அதனால்தான் நான் பார்த்த அந்தக் கல்லூரி அரங்கு.

இருபத்தெட்டு வருடம். அத்தனை வருடமும் அந்த அணி ஒரு நாள்கூடத் தன் சொந்தக் கூரையின் கீழ் ஆடவில்லை. ரசிகன் வரவில்லை, ரசிகன் வரவில்லை என்று பத்திரிகைகள் எழுதின. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் ரசிகன் இல்லாமல் வேறு யார்?

இப்போது வின்னிபெக்குக்குத் திரும்ப வாருங்கள். பதினைந்து வருடம் அணி இல்லாமல் இருந்த அந்த ஊர் என்ன செய்தது? 2004-இல் ஊர் நடுவில் புது அரங்கம் கட்டிக்கொண்டது. சுமார் 15,000 இருக்கைதான், அந்த லீக்கில் மிகச் சிறியவற்றில் ஒன்று. அரங்கைக் கட்டியவர்களே ஒரு கீழ்மட்ட லீக் அணியை அதில் வைத்து நடத்தினார்கள். அதற்குள் லீக்கிலும் விதி மாறியது. 2004-05 சீசன் முழுவதும் ஆட்டமே நடக்காத அளவுக்குத் தகராறு நடந்து, அதன் முடிவில் சம்பளத்துக்கு உச்சவரம்பு வந்தது. கனடா டாலரும் ஏறியது. 2011-இல் அட்லாண்டா அணி விலைக்கு வந்தபோது வின்னிபெக் தயாராக இருந்தது. 17 கோடி டாலர் கொடுத்தார்கள். அதில் 6 கோடி, ஊர் மாற்றுவதற்காக லீக்குக்குக் கட்டிய கட்டணம். 13,000 சீசன் டிக்கெட் விற்க வேண்டும், வாங்குகிறவர் மூன்று முதல் ஐந்து வருடத்துக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்று நிபந்தனை வைத்தார்கள். பொதுமக்களுக்குத் திறந்த சில நிமிடங்களில் அத்தனையும் தீர்ந்துவிட்டது. இதைத்தான் நான் பால் காய்ச்சுவது என்கிறேன்.

அட்லாண்டாவை நினைத்தால் பாவமாக இருக்கிறது. 1980-இல் ஓர் அணி கால்கரிக்குப் போனது, 2011-இல் இரண்டாவது அணியும் போனது. கியூபெக்கின் வலி இன்னும் கொடுமை. 1995-இல் அவர்கள் அணி கொலராடோவுக்குப் போய், போன முதல் வருடமே லீக்கின் சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பையை வாங்கியது. வளர்த்தவன் தெருவில் நின்று பார்க்கிறான், வாங்கியவன் ஊர்வலம் போகிறான்.

ஊரை விட்டு அணி போவது என்றால் என்னவென்று சென்னைக்காரர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. 2018 ஏப்ரல் 10 அன்று சேப்பாக்கத்தில் சென்னை சூப்பர் கிங்ஸ் கிரிக்கெட் அணிக்கு ஒரே ஓர் ஆட்டம். காவிரிக்காக நடந்த போராட்டம் நியாயமானது, அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. மற்ற ஆட்டங்கள் புனேவுக்குப் போய்விட்டன. அணி நிர்வாகம் சென்ட்ரலிலிருந்து தனி ரயில் விட்டது. மஞ்சள் சட்டையோடு ஆயிரம் பேர் ஏறினார்கள். என் அக்கா மகன் போனான். புளியோதரைப் பொட்டலமும் ஒரு விசிலும்தான் அவன் கையில். திரும்பி வந்து, "சித்தி, அங்கேயும் நம்ம ஆட்கள்தான் கத்தினோம். ஆனா மேட்ச் முடிஞ்சு வெளியே வந்தா எந்தப் பக்கம் போறதுன்னு தெரியல" என்றான். தற்காலிகமாகப் போனதற்கே அப்படி என்றால், நிரந்தரமாகப் போனால்?

நம் ஹாக்கிக்கு வருகிறேன். சென்னை ஹாக்கியை இத்தனை காலம் உயிரோடு வைத்திருந்தவை அலுவலக அணிகள். ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி. கேலரியில் நாற்பது பேர் இருந்தாலும் நானூறு பேர் இருந்தாலும் ஒன்றாம் தேதி சம்பளம் வந்துவிடும். அந்த அணிகளை யாரும் ஊர் மாற்றியதில்லை, மாற்றவும் முடியாது. என் மாணவிகள் மூன்று பேர் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்குப் போய்க் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தினார்கள். தொழில்முறை லீக் என்பது வேறு மாதிரி. அங்கே முதலாளி ஒருவர் பணம் போடுகிறார். மூன்று வருடம் கையைக் கடித்தால் விற்கத்தான் பார்ப்பார். அதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. அதன் இயல்பு அது.

சென்னை பெயரில் எத்தனை அணிகள் வந்தன, எண்ணிப் பாருங்கள். 2005-இல் தொடங்கிய பிரீமியர் ஹாக்கி லீக்கில் சென்னை வீரன்ஸ். 2008-ஓடு அந்த லீக்கே நின்றுவிட்டது. 2012-இல் வேர்ல்ட் சீரிஸ் ஹாக்கியில் சென்னை சீட்டாஸ். ஒரே சீசன். அந்த அணியின் சட்டை ஒன்றை ஒரு மாணவி ஆசையாக வாங்கினாள், அடுத்த வருடம் போட்டு வருவதற்காகப் பெரிய அளவாகப் பார்த்து வாங்கினாள். அந்த அடுத்த வருடம் வரவில்லை. இவையெல்லாம் ஊர் மாறிய அணிகள்கூட இல்லை. வீடே இல்லாமல் வந்து, வீடே இல்லாமல் போனவை.

2024 டிசம்பரில் ஹாக்கி இந்தியா லீக் மறுபடி தொடங்கியபோது தமிழ்நாடு டிராகன்ஸ் என்று நம் பெயரில் அணி வந்ததில் எனக்கு மிகுந்த சந்தோஷம். ஆனால் முதல் சீசனில் ஆண்கள் ஆட்டங்கள் பெரும்பாலும் ஒடிசாவின் ரூர்கேலாவில் நடந்தன. பெயர் தமிழ்நாடு, மைதானம் 1,000 கிலோமீட்டருக்கு அப்பால். ரூர்கேலாவைக் குறை சொல்ல மாட்டேன். சுந்தர்கர் மாவட்டம் ஹாக்கி விளைகிற மண். அந்த மண்ணில் 20,000 பேர் உட்காரும் பிர்சா முண்டா அரங்கை ஒடிசா அரசு கட்டியிருக்கிறது. அங்கே முதலில் ஆட்டம் இருந்தது, பிறகு அரங்கம் வந்தது, பிறகுதான் லீக் வந்தது. 2019-இல் டெல்லி கால்பந்து அணி புவனேசுவரத்துக்குப் போய் ஒடிசா எஃப்.சி. ஆனதற்கும் அந்த ஆயத்தம்தான் காரணம் என்று நினைக்கிறேன்.

அப்படியானால், நாளைக்கு வேறோர் ஊரில் நொடித்துப்போன ஹாக்கி அணி ஒன்று சென்னைக்கு வருகிறேன் என்றால் வரவேற்கலாமா? நான் வரவேற்பேன். நம்மிடம் எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கம் இருக்கிறது. வாசலிலிருந்து கூப்பிடு தூரத்தில் ரயில் நிலையம், மெட்ரோ. இந்த வசதி கிளென்டேலுக்கு இல்லை. 1996-இலும் 2005-இலும் சாம்பியன்ஸ் டிராபி அங்கே நடந்தது. 2023 ஆகஸ்டில் ஆசிய சாம்பியன்ஸ் டிராபி இறுதியில் மலேசியாவை 4-3 என்று ஜெயித்த இரவில் நான் கேலரியில் இருந்தேன். ஆட்டத்துக்கு முன்னால் தெளிப்பான்கள் சுற்றி நீலத் தரையை நனைக்கும். அப்புறம் முதல் புஷ் அடிக்கும்போது பந்தின் பின்னால் நீர்த்துளி ஒரு வால் மாதிரி எழும். பின்வரிசையில் இருக்கிறவருக்கும் அது தெரியும். பக்கத்தில் இருந்த ஒரு பாட்டி முதல் முறையாக ஹாக்கி பார்க்க வந்தவர். அந்த நீர் வாலைத்தான் கை நீட்டிக் காட்டிக்கொண்டே இருந்தார்.

ஆனால் வருகிற முதலாளியிடம் நாம் முதலில் கேட்க வேண்டியது, எந்த நட்சத்திரத்தை வாங்குவீர்கள் என்பதை அல்ல. மைதானத்தை எத்தனை வருடத்துக்கு ஒப்பந்தம் போட்டிருக்கிறீர்கள் என்பதைத்தான். பத்து வருடத்துக்குக் குறைந்தால் எனக்கு நம்பிக்கை வராது. சால்ட் லேக்கில் அணியை வாங்கியவர் அரங்கத்தையும் கையில் வைத்திருப்பவர். அதுவும் கூடைப்பந்து அரங்கம்தான், அங்கேயும் முதல் சீசனில் பல இருக்கைகளில் கோல் சரியாகத் தெரியவில்லை. ஆனால் இடம் அவருடையது என்பதால் இடித்துக் கட்ட இறங்கினார். வாடகைக்காரனால் ஆணி அடிக்கக்கூட முடியாது.

இன்னொன்றும் அவரிடம் கேட்பேன். எல்லா ஆட்டத்தையும் எழும்பூரில் வைக்க வேண்டாம், மதுரைக்கும் கோவில்பட்டிக்கும் இரண்டிரண்டு கொடுங்கள். 2025-இல் ஜூனியர் உலகக் கோப்பை சென்னையிலும் மதுரையிலும் நடந்தது, அந்த மைதானம் அங்கே இருக்கிறது. கோவில்பட்டியைப் பற்றி நான் சொன்னால் அங்கிருந்து வந்திருப்பவர்கள் கூச்சப்படுவார்கள், இருந்தாலும் சொல்கிறேன். அங்கே பயிற்சி பெற்ற கார்த்தி செல்வமும் மாரீஸ்வரன் சக்திவேலும் 2022 ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்கு ஆடினார்கள். லட்சுமி அம்மாள் கோப்பை நடக்கும்போது கடையைச் சாத்திவிட்டு வருகிறவர்கள் உள்ள ஊர் அது. ரசிகனை உண்டாக்க விளம்பரம் தேவைப்படாத ஊரை விட்டுவிட்டு ஒரு லீக் நடத்துவது எனக்குப் புரியவில்லை.

கடைசியாக, பழைய ஊரின் பெயரையும் சாதனைக் கணக்கையும் அங்கேயே விட்டுவிட்டு வரச் சொல்ல வேண்டும். யூட்டா அப்படித்தான் செய்தது. ஆட்டக்காரர்களை மட்டும் கூட்டிக்கொண்டு, கயோட்டிஸ் என்ற பெயரையும் வரலாற்றையும் அரிசோனாவில் விட்டுப் போனார்கள். ஒரு வருடம் வெறுமனே யூட்டா ஹாக்கி கிளப் என்றே ஆடி, ரசிகர்களிடம் ஓட்டுக் கேட்டு, 2025-இல்தான் மேமத் என்று பெயர் வைத்தார்கள். வின்னிபெக்கில் இப்போது ஆடுகிற அணிக்கு ஜெட்ஸ் என்ற பழைய பெயர் திரும்பக் கிடைத்தது. ஆனால் 1996-க்கு முந்தைய கோல்கள், சாதனைக் கணக்குகள் அப்போது அதிகாரபூர்வமாகப் பாலைவனத்து அணியின் பேரேட்டில் போய்ச் சேர்ந்திருந்தன. தாத்தா பார்த்த கோலைப் பேரன் தன் அணியின் கோல் என்று சொல்ல முடியாமல் போனது. நம்மிடம் வரும் அணி எந்த ஊரிலிருந்து வந்தாலும், அந்த ஊர்ப் பையனிடமிருந்து அதைப் பறிக்கக் கூடாது.

நேரம் ஆகிவிட்டது என்று தலைவர் கடிகாரத்தைக் காட்டுகிறார். கோவில்பட்டிப் பயிற்சியாளர்களுக்கு ஒன்பதே காலுக்கு ரயில். மைதான ஒப்பந்தத்தைப் பற்றி அவர்களுக்கு என்னைவிட அதிகம் தெரியும். ஒலிவாங்கியை அவர்களிடம் கொடுக்கிறேன். வணக்கம்.