உள்ளே ஓர் அறை வேண்டும்

நடுவர் அவர்களே, எதிரணி அண்ணன்மார்களே, அக்காமார்களே, இந்த வெக்கையிலும் நாற்காலியை விட்டு எழாமல் உட்கார்ந்திருக்கும் வேலூர் மக்களே, எல்லோருக்கும் வணக்கம்.

மாணவருக்குக் கலையும் ஓய்வும் கல்லூரி வளாகத்துக்கு உள்ளேயா, வெளியேயா என்பது இன்றைய தலைப்பு. உள்ளேதான் என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய அண்ணன், "கல்லூரி படிப்பதற்கு. பாட்டுக்கும் கூத்துக்கும் வெளியே எவ்வளவோ இடம் இருக்கிறது. கோட்டைப் பூங்கா இருக்கிறது, ஏலகிரி இருக்கிறது, கையில் போன் இருக்கிறது. லீவு நாளில் பார்த்துக்கொள்ளட்டும்" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள்.

அண்ணா, அந்த வெளி யாருக்கு இருக்கிறது?

என் வகுப்புத் தோழி ஒருத்தி, பேரணாம்பட்டுக்கும் அந்தப் பக்கத்துக் கிராமம். பொழுது விடியும் முன்பே பஸ் ஏறினால்தான் முதல் வகுப்புக்கு வந்து சேர முடியும். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் தண்ணீர் பிடிக்க வேண்டும், அடுப்பு பற்றவைக்க வேண்டும், தம்பிக்குப் பாடம் சொல்லித்தர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கிற நாள். 2021 முதல் பெண்களுக்குச் சாதாரண நகரப் பேருந்தில் கட்டணம் கிடையாது, அது பெரிய உதவிதான். ஆனால் பூங்காவுக்குப் போய் உட்கார அவளுக்கு நேரம் யார் கொடுப்பது? வசதியுள்ள வீட்டுப் பிள்ளை மாதச் சம்பளம் கட்டி கீபோர்டு கற்றுக்கொள்ளும். இவளுக்கு இருப்பது மதியச் சாப்பாட்டு இடைவேளை, அந்த முக்கால் மணி நேரம் மட்டும்தான். அதுவும் வளாகத்துக்குள்ளே.

அந்த முக்கால் மணியில்தான் அவள் பறை கற்றாள். கேன்டீனுக்குப் பின்னால் ஒரு புங்கமரம். சீனியர் அண்ணன் ஒருவர் நாலு காகிதத்தைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சுவார். காய்ந்த தோலை விரலால் சுண்டினால் டங்கென்று கேட்கும். அப்புறம் பறையைத் தோளில் மாட்டிவிடுவார். வலது கையில் குட்டையாக, தடிப்பாக அடிகுச்சி. இடது கையில் மெல்லிசாக, நீளமாகச் சிண்டுக்குச்சி. முதல் வாரம் முழுக்க அவள் இடது கை சொன்ன பேச்சைக் கேட்கவே இல்லை. வலது கை போகிற இடத்துக்கே அதுவும் ஓடும். மூன்றாவது வாரத்தில் ஒருநாள் இரண்டு குச்சியும் தனித்தனியாகப் பேசின. அவள் அடிப்பதை நிறுத்திவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள். இரண்டு வருடமாகப் பக்கத்தில் உட்காருகிறேன், அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அதனால் மதிப்பெண் கூடியதா, கேம்பஸில் வேலை கிடைத்ததா என்று என்னைக் கேட்காதீர்கள். கலை படிப்புக்கு உதவும், வேலைக்கு உதவும் என்று என் அணியிலேயே சிலர் பேசுவார்கள். நான் அப்படிப் பேச மாட்டேன். இருபது வயசுப் பெண்ணுக்கு ஒரு மகிழ்ச்சியைக் கொடுக்க ரசீது எதற்கு?

"அம்மா பீடி சுற்றிப் படிக்கவைக்கிறாள், மகள் ஆட்டம் போடலாமா?" என்று ஒரு கேள்வி வந்தது. நான் குடியாத்தத்துக்காரி. என் அம்மா பீடி சுற்றித்தான் என்னைப் படிக்கவைக்கிறார். முறத்தை மடியில் வைத்துக்கொண்டு, ஊறிய இலையை அளவாக வெட்டி, தூளை வைத்து உருட்டி, நூல் கட்டி, முனையை மடக்கி, ஆயிரம் தேறினால்தான் அன்றைய கணக்கு. பக்கத்திலேயே ரேடியோ ஓடும். கரண்ட் போய் ரேடியோ நின்றுவிட்டால் அம்மாவே பாடுவார். "பாட்டு நின்னா கை நின்னுடும்டி" என்பார். வேலையோடு வேலையாகப் பாட்டை வைத்துக்கொண்டவர் என் அம்மா. அவர் பெயரைச் சொல்லி என் பாட்டை நிறுத்தாதீர்கள்.

போனில் இருக்கிறதே என்றார்கள். இருக்கிறது. தனியாகப் பார்த்து, தனியாகவே அணைத்துவிடுகிறோம்.

போன வருடம் எங்கள் வளாகத்துக்குக் கூத்து வந்தது. தெருக்கூத்துக்குப் பேர்போன புரிசை இருக்கிற செய்யாறு பக்கமெல்லாம் 1989-க்கு முன்பு நம் வடஆர்க்காடுதான். அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் விடுதியில் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஊரில் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வைத்தால் பகலில் பிரசங்கம், ராத்திரி கூத்து, கடைசியில் துரியோதனன் விழுகிற படுகளம், தீமிதி. பரீட்சை நேரத்தில் அது வரும், இவர்களால் போக முடியாது. அன்றைக்கு மைதானத்தில் இரண்டு பேர் திரையைப் பிடித்தார்கள். திரைக்குப் பின்னாலிருந்து துரியோதனன் முதலில் பாடுகிறார். ஆள் தெரியவில்லை. திரைக்கு மேலே கிரீடத்தின் கண்ணாடிச் சில்லு மட்டும் மின்னுகிறது, கீழே சலங்கைக் கால் தெரிகிறது. நான் திரும்பிப் பார்த்தேன். கேட்டில் நிற்கிற செக்யூரிட்டி அண்ணன் மைதான ஓரத்தில் நின்று, ஓர் அடி தவறாமல் கூடவே உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். இளவயசில் அவரும் வேஷம் கட்டியவராம். அதுவரை தினமும் அடையாள அட்டை காட்டிவிட்டு அவரைத் தாண்டிப் போனோம். அன்று ராத்திரிதான் உட்கார்ந்து பேசினோம்.

நடுவர் அவர்களே, அண்ணன் கோட்டையைச் சொன்னாரே, நானும் அங்கேயே வருகிறேன். சுற்றி அகழி வெட்டி, பாதுகாப்புக்காகக் கட்டிய கோட்டை அது. கலை வெளியே இருக்கட்டும் என்று அவர்கள் நினைத்திருந்தால் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபம் அகழிக்கு வெளியேதான் நின்றிருக்கும். உள்ளேயேதான் கட்டினார்கள். அந்தத் தூண்களில் யாளியையும் குதிரைவீரனையும் ஒருமுறை கிட்டப் போய்ப் பாருங்கள், கல் என்றே தோன்றாது. பின்னால் வெள்ளைக்காரர்கள் வந்து அந்தக் கோயிலை ஆயுதக் கிடங்காக வைத்துக்கொண்டார்கள். 1981-இல்தான் மறுபடி உள்ளே லிங்கம் வந்தது.

ஒரு கல்லூரி. பெயர் வேண்டாம். அங்கே கலைக்கென்று கட்டிய அறை ஒன்று இருக்கிறது. வாசலில் பெயர்ப்பலகைகூட இருக்கிறது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் உடைந்த பெஞ்சு, பழைய விடைத்தாள் கட்டு, கால் போன மேஜை. பூட்டுத் துருப்பிடித்திருக்கிறது. ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டால் புங்கமரத்தடியில் நிற்க முடியாது. ஈரம் பட்டால் பறைத்தோல் தொய்ந்துபோகும். பறையைத் துப்பட்டாவில் சுற்றிக்கொண்டு என் தோழி அந்தப் பூட்டிய கதவுக்கு வெளியே ஒதுங்கி நின்றதை நான் பார்த்தேன்.

சாவி அலுவலக மேஜை இழுப்பறையில் இருக்கிறது. தினமும் மதியம் 1 மணிக்குக் கொடுத்து, 1.45-க்குத் திரும்ப வாங்கிக்கொள்ளட்டும். பெஞ்சுகளை நாங்களே தூக்கி ஓரமாக அடுக்குகிறோம், அறையையும் நாங்களே பெருக்கிக்கொள்கிறோம். எங்கள் அணி கேட்பது இதைத்தான். நன்றி, வணக்கம்.