கொஞ்சம் அப்பம்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். நேரம் குறைவு, நேரே அண்ணாச்சியிடம் வந்துவிடுகிறேன்.

'கிறிஸ்தவ எழுத்தாளனுக்குக் கதை பிரசங்கமா, விருந்தா?' பிரசங்கமே என்று பேசிய அண்ணாச்சி கைதட்டு வாங்கியது எந்த இடத்தில்? "விருந்து அணிக்காரர்கள் எழுத்து நம்ம ஊர்த் தேங்காய்ப்பால் சொதி மாதிரி. வெள்ளையா, இதமா இருக்கும். காரம் கிடையாது" என்றாரே, அங்கேதான்.

அண்ணாச்சி, நீங்கள் சொதி சாப்பிட்டிருக்கிறீர்கள், வைத்துப் பார்த்ததில்லை. பச்சை மிளகாயும் இஞ்சியும் அரைத்து ஊற்றாமல் திருநெல்வேலியில் எந்த வீட்டில் சொதி வைக்கிறார்கள்? காரம் உள்ளே இருக்கிறது, சிவப்பாக நின்று கத்தவில்லை, அவ்வளவுதான்! தேங்காய்க்கு மூன்று பால். மூன்றாம் பாலிலும் இரண்டாம் பாலிலும் காய் வேகும், வெந்த பாசிப்பருப்பு சேரும். கெட்டியான முதல் பால் கடைசியில். அடுப்பைத் தணித்து ஊற்றி, ஓரத்தில் நுரை கட்டும்போதே இறக்கிவிட வேண்டும். ருசியெல்லாம் அதில்தானே என்று ஆரம்பத்திலேயே ஊற்றிக் கொதிக்கவிட்டால் திரிந்துபோகும்.

விசுவாசம் அந்த முதல் பால், நடுவர் அவர்களே! முதல் பத்தியிலேயே ஐந்து வசனம் ஊற்றிக் கொதிக்கவிட்ட கதைகள் எத்தனை! குடிகாரத் தகப்பன் நாலாம் பக்கத்தில் திருந்திவிடுவான். அவன் வருகிற வரை மகள் எத்தனை மணி மட்டும் விழித்திருந்தாள் என்று ஒரு வரி கிடையாது. காய் வேகவே இல்லை.

வேதாகமத்தில் ஆதியாகமம் 18-ஐத் திறந்து பாருங்கள். மம்ரே என்கிற இடம், வெயில் ஏறின வேளை, ஆபிரகாமின் கூடார வாசலில் மூன்று பேர் நிற்கிறார்கள். எந்த ஊர், எந்தக் குலம் என்று ஆபிரகாம் கேட்டானா? முதலில் கால் கழுவத் தண்ணீர். அடுத்து மர நிழல். அப்புறம், "கொஞ்சம் அப்பம்." கவனியுங்கள், கொஞ்சம் அப்பம்! வாசலில் சொன்னது அது. உள்ளே ஓடி மனைவி சாராளிடம் கேட்டது மூன்றுபடி மெல்லிய மா! மந்தைக்கு ஓடிப் பிடித்தது இளங்கன்று! வெண்ணெய், பால் வேறே! மூன்று பேருக்கு! நாம் எழுதுகிற கதையோ தலைகீழ். அட்டையில் நித்திய ஜீவன், உள்ளே அரைப்படி மாவு இல்லை. இன்னும் கேளுங்கள். அவர்கள் புசிக்கும்போது ஆபிரகாம் கூடப் பந்தியில் உட்காரவில்லை, அருகே மரத்தடியில் நின்றான். இலைக்கும் கைக்கும் நடுவே எழுத்தாளனுக்கு என்ன வேலை?

1827-இல் திருநெல்வேலிப் பக்கம் கரையிருப்பில் பிறந்த கிறிஸ்தவக் கவிஞர் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை, ஆங்கில எழுத்தாளர் ஜான் பன்யனின் 'பில்கிரிம்ஸ் புரோகிரஸ்' கதையைத் தழுவி 1894-இல் 'இரட்சணிய யாத்திரிகம்' தந்தார். கம்பனில் பழகிய காதுகளுக்கு விருத்தத்திலேயே இலை போட்டார். வந்தவர் நாக்கு அறிந்த சமையல் அது.

பிரசங்கத்தை நான் குறைத்துப் பேசவில்லை. எம்மாவு ஊருக்குப் போகிற வழியில் ஏழெட்டு மைல் நடந்த அந்த இரண்டு சீடர்களுக்கு வேதவாக்கியங்களை விளக்கினவர் உயிர்த்தெழுந்த இயேசுவேதான். நெஞ்சு கொழுந்துவிட்டு எரிந்தது, ஆளை மட்டும் தெரியவில்லை. பொழுது சாய்ந்தது, "எங்களுடனே தங்கியிரும்" என்று வருந்திக் கேட்டார்கள். பந்தியில் அவர் அப்பத்தைப் பிட்டுக் கொடுத்தபோதுதான் கண் திறந்தது. கதவைச் சாத்தியிருந்தால்?

இந்நேரம் ஏதோ ஆஸ்பத்திரி வராந்தாவில், பிள்ளை பக்கத்தில் தூக்கம் வராமல், யாரோ விட்டுப்போன பத்திரிகையைப் புரட்டுகிறாள் ஒரு தாய். எந்தக் கோவிலுக்குப் போகிறவளோ, தெரியாது. நாம் எழுதினது அவள் கையில் இருக்கிறது. வெயிலில் நடந்து கால் வெந்து வந்திருக்கிறாள். முதலில் தண்ணீர் கொடுங்கள், அண்ணாச்சி.